தாராளமும் தன்னுரிமையும்: ‘லிபரல்’ என்னும் பெயரின் தடம்

‘உள்ளே வரலாமா?’ என்று கேட்பவரிடம் ‘தாராளமா வாங்க’ என்கிறோம். பந்தியில் ‘நெய்யைத் தாராளமா ஊத்துப்பா’ என்று பரிமாறுகிறவரிடம் சொல்கிறோம். கேட்டவர்க்கு இல்லையென்னாமல் கொடுப்பவரைத் தாராள மனத்தினர் என்று புகழ்கிறோம். இதே சொல்லோடு ‘வாதம்’ சேர்ந்ததும் அது கல்லூரி அரசியல் நூல்களுக்குள் புகுந்து வேறொன்றைக் குறிக்கத் தொடங்குகிறது. ஒவ்வொரு மனிதரின் வாழ்விலும் அரசு கைவைக்கக் கூடாத ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையை வகுப்பதும் காப்பதுமே ஆட்சியமைப்பின் முதல் வேலை என்னும் கொள்கைக்குத் தமிழில் ‘தாராளவாதம்’ என்று பெயர். ஈழத்து அறிஞர் எழுத்தில் அதுவே ‘தாராண்மைவாதம்’ என்று, வேளாண்மை, தாளாண்மை என்னும் பழஞ்சொற்களின் ஓசையோடு வழங்குகிறது. நெய் ஊற்றும் கைக்கும் அரசின் கையைத் தடுக்கும் கொள்கைக்கும் ஒரே பெயர் வாய்த்த கதை, சொல்லை நேசிப்பவர்கள் உட்கார்ந்து பிரித்துப் பார்க்கத்தக்க கதை.

முதலில் தாராளத்தையே பிரிப்போம். இச்சொல் நம் வாயில் எவ்வளவு ஊறியிருந்தாலும் தனித்தமிழ் அன்று. நீரொழுக்கைக் குறிக்கும் வடமொழித் ‘தாரா’வோடு உறவுடையது, தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே பொருளில் வழங்குவது. கண்ணீர் ‘தாரை தாரையாக’ வழிந்தது என்னும்போது நாம் ஆள்வதும் அந்தத் தாரையே. இடையறாமல் ஒழுகுவது தாரை. அப்படி ஒழுகும் கொடைக்குணம் தாராளம். தமிழ் இலக்கணப்படி இதைப் பிரிக்க முயன்றால் வேடிக்கையான ஒன்று நேரும்: ‘தாரா’ என்பது தமிழில் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ‘கொடுக்காத’ என்று பொருள்படும். ஆகவே தாராளன் என்பவனைத் தமிழ்ப் பகுதியாக எண்ணிப் பிரித்தால் கொடாதவன் ஆகிவிடுவான். கடன்சொல்லைத் தன்சொல்லாகக் கருதிப் பிரிக்கும்போது வரும் இடர் இது. வேரை அறிந்து கொண்டால்தான் இந்தச் சொல் நமக்கு முகம் கொடுக்கும்.

தாரைக்கும் ஆட்சிக்கும் நம் மண்ணில் நெடுநாள் உறவு உண்டு. அரசன் நிலத்தைக் கொடையளித்தபோது கையில் நீர்வார்த்துக் கொடுத்தான். ‘தாரை வார்த்தல்’ என்னும் தொடர் அந்தச் சடங்கின் எச்சம். அப்படிக் கொடுக்கப்பட்ட நிலங்களுள் பல ‘இறையிலி’ ஆயின. இறை என்பது வரி, இறை என்பவன் வேந்தன், இறை என்பது கடவுள். மூன்றும் ஒரே ஒலியில் நிற்கும் மொழியில் ‘இறை இல்லாதது’ என்று ஒரு நிலத்துக்குப் பெயர் வைத்ததை எண்ணிப் பாருங்கள். அரசின் வரிக்கை நுழையாத இடம் என்று அதற்குப் பொருள். ஆனால் அந்த விலக்கும் வேந்தன் நீர்வார்த்ததால் வந்ததே. கொடுத்தவன் கை மேலே, பெற்றவன் கை கீழே. ஆட்சியின் எல்லை ஆள்பவனின் கொடையாகவே தோன்றிய காலத்தின் தடம் அது.

இனி ‘லிபரல்’ பிறந்த வீட்டுக்குப் போவோம். இலத்தீனில் ‘லீபெர்’ என்றால் கட்டற்றவன், அடிமை அல்லாதவன். ‘லிபெர்’ என்றால் மரத்தின் உட்பட்டை, அதில் எழுதியதால் நூல். முதலெழுத்து நெடிலானால் விடுதலை, குறிலானால் புத்தகம். ‘நூலகம்’ என்னும் பொருளில் ஐரோப்பிய மொழிகள் ஆளும் ‘லைப்ரரி’யும் ‘லிபர்ட்டி’யும் உடன்பிறந்தவை என்று பலர் எண்ணுவதுண்டு, மலிக்கும் மாலிக்கும் உள்ள தொலைவு அவற்றுக்கும் உண்டு. குறில்நெடில் வேற்றுமையைப் பாலோடு பருகியவர்களாகிய நமக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

நெடில் ‘லீபெ’ரின் பன்மையாகிய ‘லீபெரி’ என்பதற்கு இலத்தீனில் பிள்ளைகள் என்ற பொருளும் உண்டு. உரோமக் குடும்பத்தில் தலைவனின் பிள்ளைகளும் இருப்பார்கள், அடிமைகளும் இருப்பார்கள். ஒரே கூரை, ஒரே உலை. அவர்களுள் கட்டற்றவர்கள் பிள்ளைகள், ஆகவே பிள்ளைகளுக்கே அந்தப் பெயர். வேர்ச்சொல் ஆய்வாளர்கள் இன்னும் கீழே தோண்டி, செருமானியர் மக்களைக் குறிக்கும் ‘லாய்ட்ட’வையும் உருசியர் மக்களைக் குறிக்கும் ‘ல்யூதி’யையும் கிரேக்கரின் ‘எலெயுதெரோ’ஸையும் இதே குடியில் சேர்க்கிறார்கள். கட்டற்றவன் என்றால் நம் மக்களுள் ஒருவன், நம்மோடு வளர்ந்தவன். ஆங்கிலத்தின் ‘ஃப்ரீ’ வேறு வேரிலிருந்து வந்தும் இதே கதையைச் சொல்கிறது. அது வடமொழியின் ‘பிரிய’த்துக்கு உறவு, ‘ஃப்ரெண்டு’ம் அந்தக் கிளையே. அன்புக்குரியவர், சுற்றத்தார், அதனால் அடிமை அல்லர். நாம் ‘பிரியமா இருக்கான்’ என்று சொல்லும்போது விடுதலையின் தூரத்து உறவுக்காரி ஒருத்தியை அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

‘லீபெர்’ என்பதிலிருந்து ‘லீபெராலிஸ்’ கிளைத்தது: கட்டற்றவனுக்கு ஏற்றது. அவன் கற்கத்தக்க கலைகளே பின்னாளில் இலக்கணம், ஏரணம், சொல்வன்மை, எண், வடிவகணிதம், இசை, வானியல் என ஏழாக வகுக்கப்பட்ட ‘லிபரல்’ கலைகள். கட்டற்றவனுக்கு ஏற்ற பண்பு எது? கணக்குப் பார்க்காமல் கொடுப்பது. அடிமையிடம் கொடுக்க ஒன்றுமில்லை, உடையவனிடம் உண்டு. இப்படித்தான் விடுதலைச் சொல் கொடைச்சொல் ஆயிற்று, ‘லீபெராலித்தாஸ்’ என்பது வள்ளன்மைக்குப் பெயராயிற்று.

இந்தப் பிரிவை ஆய்வுரையைவிடத் தெளிவாக உரோம நாணயங்களில் பார்க்கலாம். ‘லீபெர்த்தாஸ்’ என்னும் விடுதலைத் தெய்வம் பொறித்த நாணயத்தில் அவள் கையில் கூம்பிய கம்பளித் தொப்பி ஒன்று இருக்கும். விடுவிக்கப்பட்ட அடிமை தலையில் அணிவது அது. அலுவலர் முன்னிலையில் ஒரு கோலால் தொட்டு விடுவித்தபின் அவன் அதை அணிந்துகொள்வான். ஏட்ரியன் முதலான பேரரசர்கள் அச்சிட்ட நாணயங்களில் ‘லீபெராலித்தாஸ்’ வருகிறாள். அவள் ஒரு கையில் வளக்கொம்பு, மறு கையில் காசைக் கணக்கிட்டு அள்ளும் பலகை. சில நாணயங்களில் மேடைமேல் பேரரசன் அமர்ந்திருக்க, ஒரு குடிமகன் படியேறி வந்து மடியை விரித்து நிற்பான். இரண்டு பெண்களுக்கும் ஒரே வேர்தான். ஒருத்தியிடம் அடிமைத்தனம் தீர்ந்தவன் தொப்பி, மற்றவளிடம் அரசன் வீசும் காசு. பிற்காலத்தில் நாம் எந்தப் பெண்ணை மொழிபெயர்த்துக்கொண்டோம் என்பது நாணயத்தைத் திருப்பிப் பார்த்தாலே விளங்கும்.

ஆங்கிலத்துக்குள் வந்த ‘லிபரல்’ பல நூற்றாண்டு இந்தக் காசுப் பெண்ணின் பொருளிலேயே வாழ்ந்தது. கொடையாளி, பரந்த மனத்தினர் என்பவை நல்ல பொருள்கள். ஷேக்ஸ்பியர் காலத்தில் நாவடக்கம் இல்லாதவர் என்று இழிபொருளும் உண்டு. 1776இல் ஆடம் சுமித்து தன் பொருளியல் நூலில், வணிகத்தைக் கட்டிப்போடாத ஒழுங்குக்கு இதை அடைமொழி ஆக்கினார். ஆயினும் இது அடைமொழியாகவே இருந்தது. ஒரு மனிதர் தன்னை ‘நான் லிபரல்’ என்று சொல்லிக்கொள்ளும் பெயர்ச்சொல்லாக இது மாறியது இங்கிலாந்தில் அன்று. கடல் மூன்று பக்கமும் சூழ்ந்த இசுபானியத் துறைமுகமாகிய காதிசில்.

1808இல் நெப்போலியன் படை இசுபானியத்துக்குள் புகுந்து, மன்னன் ஏழாம் பெர்னாண்டோவைப் பிரான்சில் சிறைவைத்து, நெப்போலியனின் அண்ணனை அரியணையில் ஏற்றியது. நாட்டின் பெரும்பகுதி பிரெஞ்சுக்காரர் கையில். தெற்கு ஓரத்தில் எஞ்சிய நிலத்துண்டில் 1810 செப்டம்பர் 24 அன்று நாடாளுமன்றம் கூடியது. முதலில் அருகிலிருந்த தீவு நகரின் நாடக அரங்கில், மறு ஆண்டு காதிசுக்கு நகர்ந்து, நீள்வட்டமாகக் கட்டப்பட்ட சான் பெலிப்பே நேரி தொழுகைக்கூடத்தில். அமெரிக்கக் கண்டத்துக் குடியேற்றங்களிலிருந்தும் பேராளர்கள் வந்தார்கள். மன்னனே இல்லாத நேரத்தில் மன்னனின் அதிகாரம் எதுவரை என்று உட்கார்ந்து எழுதினார்கள். அவர்கள் முதலில் எடுத்த பெரிய பொருள்களுள் ஒன்று அச்சுரிமை. நூலும் தாளும் அச்சேறுமுன் அதிகாரியின் ஒப்புதல் வேண்டுமா என்ற வழக்கில் ‘வேண்டாம்’ என்று நின்றவர்களே ‘லிபெராலெஸ்’ என்று பெயர் பெற்றார்கள். 1810 நவம்பரிலேயே அரசியல் எழுத்துக்கு முன்தணிக்கை நீங்கியது.

எதிரணிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘செர்விலெஸ்’. அடிமைக்குரியவர் என்பது அதன் பொருள். இலத்தீனில் லீபெராலிஸுக்கு எதிர்ச்சொல்லாகவே நின்ற செர்வீலிஸின் இசுபானிய வடிவம். உரோம வீட்டில் பிள்ளையும் அடிமையும் எதிரெதிராக நின்ற பழைய சொல்லிணை, ஓராயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து ஒரு சட்டமன்றத்தில் மீண்டும் உயிர்பெற்றது. ஒரு கவிஞர் அந்தச் சொல்லை இரண்டாக உடைத்து ‘செர் வில்’ என்று எழுதினார். இசுபானியத்தில் ‘இழிந்தவனாயிருத்தல்’ என்று பொருள். பிரிமொழிச் சிலேடை நமக்குப் புதிதன்று. காளமேகத்தின் நாட்டார் காதிசுக் கவிஞரின் கைவரிசையை உடனே மெச்சுவார்கள்.

1812 மார்ச்சு 19 அன்று அரசமைப்புச் சட்டம் வெளியானது, 384 பிரிவுகள். சூசையப்பர் திருநாளில் வெளிவந்ததால், சூசை என்னும் பெயரின் செல்லவடிவைப் பெண்பாலாக்கி ‘லா பெப்பா’ என்று மக்கள் அதை அழைத்தார்கள். அதன் 172ஆம் பிரிவை ஒருமுறை மனத்தில் நிறுத்திப் பார்க்கத் தகும். அது மன்னன் செய்யக் கூடாதவற்றின் பட்டியல், பன்னிரண்டு தடைகள். நாடாளுமன்றம் கூடுவதைத் தடுக்கக் கூடாது, தானாக வரி விதிக்கக் கூடாது, எவருடைய உடைமையையும் எடுக்கக் கூடாது, எந்தத் தனிமனிதரின் விடுதலையையும் தன் விருப்பப்படி பறிக்கக் கூடாது. எதிர்மறை ஏவல் ஒன்றன்பின் ஒன்றாக வரும் அந்தப் பிரிவில்தான் ‘லிபரல்’ என்னும் பெயர், கொடுக்கும் கையின் பொருளை உதிர்த்துவிட்டு, தடுக்கப்படும் கையின் பொருளை ஏற்றுக்கொண்டது என்பது என் முடிபு. குறையில்லாச் சட்டமும் அன்று அது. கத்தோலிக்கம் தவிர வேறு சமயத்துக்கு இடமில்லை என்றது. ஆப்பிரிக்க வழியில் வந்தவர்களுக்குக் குடியுரிமையை அடைத்து வைத்தது. 1814இல் சிறைமீண்ட பெர்னாண்டோ மே 4 அன்று ஓர் ஆணையால் அச்சட்டத்தை இல்லாததாக்கி, அதை எழுதியவர்களைச் சிறையில் அடைத்தான். பெயர் மட்டும் அவன் பிடியில் அகப்படவில்லை.

அது கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனபோது வசைச்சொல்லாகப் போனது. அங்கே தோரிக் கட்சியினர் எதிராளிகளை இழிக்க, ‘நீங்களும் அந்த அயல்நாட்டுக் கலகக்காரர் கூட்டம்’ என்னும் குத்தலோடு, இசுபானிய ஒலியிலேயே அதைச் சொன்னார்கள். பைரனும் நண்பர்களும் 1822இல் தொடங்கிய இதழுக்கு அதையே பெயராக்கினார்கள். வசையைப் பட்டமாக அணிந்துகொள்வது கட்சிப் பெயர்களின் வரலாற்றில் அடிக்கடி நடப்பது. தோரி, விக் என்னும் பெயர்களும் வசையாகப் பிறந்தவைதாம். 1859 சூன் 6 அன்று இலண்டனில் பல பிரிவினர் கூடி ஒன்றானதைத்தான் லிபரல் கட்சியின் பிறப்பாகக் கொள்வார்கள். அதே ஆண்டில் சான் சுடூவர்ட்டு மில் விடுதலையைப் பற்றிய சிறு நூலை வெளியிட்டார். பிறருக்குத் தீங்கு நேராமல் தடுப்பதற்காக அன்றி, ஒருவரின் விருப்பத்துக்கு மாறாக அவர்மேல் அதிகாரம் செலுத்த எவருக்கும், பெரும்பான்மைக்குமே, உரிமை இல்லை என்பது அந்நூலின் நடுநரம்பு.

அந்த நூலைப் பற்றிப் பேசும் இந்தியர் ஒன்றைச் சொல்லாமல் கடக்கக் கூடாது. மில் 1823 முதல் 1858 வரை இலண்டனில் கிழக்கிந்தியக் கும்பினியின் அலுவலகத்தில் இருந்து, நம் நாட்டு ஆட்சிக்கான கடிதங்களை வரைந்தவர். தன் கோட்பாடு ‘பண்பட்ட’ சமுதாயங்களுக்கே பொருந்தும், மற்றவர்களுக்கு நல்லெண்ணமுள்ள வல்லாட்சியே ஏற்றது என்று அந்நூலின் தொடக்கத்திலேயே விலக்கு எழுதி வைத்தார். உரோம வீட்டின் கூரையை எண்ணிக்கொள்ளுங்கள்: உள்ளே பிள்ளைகளும் உண்டு, பிள்ளைகள் அல்லாதவரும் உண்டு. பெயரின் வேரிலேயே கிடந்த அந்த வேலி அவ்வளவு எளிதில் சாயவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பெயர் ஊருக்கு ஒரு பொருளானது. அமெரிக்காவில் 1930களில் ரூசுவெல்ட்டின் ஆட்சிக்குப்பின், வறியோர்க்காக அரசு முன்வந்து செயல்பட வேண்டும் என்பவர் லிபரல் ஆனார். ஆசுதிரேலியாவில் 1944இல் தோன்றிய லிபரல் கட்சி பழமைபேணும் கட்சி. பொருளியலறிஞர் ஏயெக்கு போன்றவர்கள் தம் பெயரைத் தம்மிடமிருந்து பிறர் கொண்டுபோய்விட்டதாகவே வருந்தினார்கள். இந்தியாவில் 1918இல் காங்கிரசிலிருந்து பிரிந்த மிதவாதிகள் லிபரல் கூட்டமைப்பை நிறுவினார்கள். வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாத்திரியார் அதன் பெருங்குரல்களுள் ஒருவர். தமிழில் அவர்களுக்கு மிதவாதி என்ற பெயரே நிலைத்தது. கொள்கையை விட்டுவிட்டு வேகத்தை மொழிபெயர்த்த சொல் அது. 1991 சூலையில் பொருளாதாரச் சீர்திருத்தம் வந்தபின் ‘தாராளமயமாக்கல்’ செய்தித்தாள் ஏறியது. இன்று தாராளம் என்றதும் பலருக்கு நினைவில் எழுவது இறக்குமதியும் அயல்முதலீடும்தான். அச்சுரிமைக்காக நாடக அரங்கில் நின்றவர்கள் அந்தச் சொல்லுக்குள் எங்கும் இல்லை.

அப்படியானால் தனிமனித விடுதலைக்குத் தமிழ் எந்தச் சொல்லை வைத்திருந்தது? நாவில் முதலில் வருவது சுதந்திரம். ‘ஸ்வ’ என்றால் தன். ‘தந்திரம்’ என்பது இழுத்தல், நீட்டல் என்னும் வேரிலிருந்து வந்து முதலில் தறியின் பாவைக் குறித்த சொல். பாவு ஒழுங்காக அமைந்தால் நெசவு. அதிலிருந்து ஒழுங்கமைப்பு, முறை, நூல், சூழ்ச்சி என்று பொருள்கள் விரிந்தன. தன் பாவைத் தானே இழுத்துக் கட்டுகிறவன் சுதந்திரன். பாணினி இச்சொல்லை இலக்கணத்துக்குள்ளேயே கொண்டுவந்து, ஒரு வினையில் பிறவற்றின் ஏவலின்றித் தானே இயங்குவது எதுவோ அதுவே வினைமுதல் என்று இதைக்கொண்டே வரையறுத்தார். வாக்கியத்தில் செய்வோனாக நிற்கும் தகுதியே சுதந்திரம் என்பதை நினைக்கும்தோறும் எனக்கு இந்தச் சொல்மேல் மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது.

தமிழ் நிலத்தில் அது வேறொரு வேலைக்குப் போனது. சென்னை மாகாணத்து வருவாய்த்துறை வழக்கில் சுதந்திரம் என்பது தானியம். அறுவடை முடிந்து களத்துமேட்டில் நெல்லைப் பொலியாகக் குவித்து அளக்கும்போது, தலையாரி, நீர் பாய்ச்சுபவர், தச்சர், கொல்லர், நாவிதர், வண்ணார் என ஊர்ப்பணி செய்வோர்க்கு இத்தனை மரக்கால் என்று வழிவழியாக ஒதுக்கப்பட்ட பங்குக்கு அந்தப் பெயர். நிலத்துக்குரியவர் அதை இரங்கிக் கொடுத்துவிட முடியாது, இல்லையென்று மறுத்துவிடவும் முடியாது; பெற்றவர் அதைக் கேட்டு நிற்க வேண்டியதில்லை, எடுத்துக்கொள்ளலாம். தாராளத்துக்கு நேர் எதிரான நெல் அது. ஆனால் அந்தப் பங்கு பிறப்போடும் சாதியோடும் கட்டப்பட்டது. அதைப் பெற்றவர் அந்த ஊரையும் அந்த வேலையையும் விட்டு அகலவும் முடியாமல் நின்றார். பெயரில் சுதந்திரம், காலில் கட்டு. இரண்டும் சேர்ந்த சொல்லை நாம் மரபாகப் பெற்றிருக்கிறோம்.

மரபாகப் பெற்றது என்னும் பொருளும் அதற்கு இருந்தது. தமிழ் விவிலியத்தில் ‘சுதந்தரம்’ என்றால் தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் உரிமைச்சொத்து. வாரிசு ‘சுதந்தரவாளி’, உரிமையாகப் பெறுவது ‘சுதந்தரித்தல்’. இகரம் ஒன்று குறைந்த இந்த வடிவை இன்றும் தேவாலயத்தில் கேட்கலாம். நாம் விடுதலை என்று சொல்லும் இடத்தில் அம்மொழிபெயர்ப்பு சில வேளை ‘சுயாதீனம்’ என்று எழுதும். சுதந்திரம் என்றதும் கொடியும் ஆகஸ்டு 15ஆம் நாளும் நினைவுக்கு வரும் வழக்கு தேசிய இயக்கம் கொடுத்தது. பாரதி தன் பாட்டுக்குச் ‘சுதந்திரப் பள்ளு’ என்று தலைப்பிட்டபோது, வயலில் உழைப்போரின் இலக்கிய வகையையும் களத்து நெல்லின் பெயரையும் ஒரே தொடரில் பிணைத்துவிட்டார். அந்தத் தலைப்பில் ஒரு நாட்டின் விடுதலை, அடிமைப்பட்ட உழைப்பாளியின் விடுதலையோடு சேர்ந்தே ஒலிக்கிறது.

பின்னர் இச்சொல் கட்சிப் பெயரானது, இரண்டு முறை, கடலின் இரு கரையிலும். 1951இல் பண்டாரநாயக்கா தொடங்கிய கட்சி தமிழில் சிறிலங்கா சுதந்திரக் கட்சி. 1956இல் அது தலைமை தாங்கிய ஆட்சி சிங்களத்தை மட்டும் அரசமொழியாக்கிச் சட்டம் இயற்றியது. தமிழர் தம் அரசோடு தம் மொழியில் பேச முடியாமற்போனது, பெயரில் சுதந்திரம் தாங்கிய கட்சியால். 1959இல் சென்னையில் எண்பது வயது இராசாசி அறிவித்த கட்சி சுதந்திரா. தமிழ் ஈறாகிய ‘அம்’ நீங்கி, ஆங்கில எழுத்துவழி வந்த நெடில் ஆகாரத்தோடு நம் தாள்களில் அச்சான பெயர் அது. கூட்டுப்பண்ணைத் திட்டத்துக்கும், எதைத் தொடங்கவும் அரசின் உரிமமும் இசைவுச்சீட்டும் வேண்டியிருந்த நிலைக்கும் எதிராக எழுந்தது. ‘பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யம்’ என்னும் தொடர் இராசாசி வாயிலிருந்தே நாட்டுக்குப் பரவியது. 1967 தேர்தலில் 44 இடங்களோடு மக்களவையில் பெரிய எதிர்க்கட்சியாகவும் ஆனது. அரசின் எல்லையைப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசியவரே 1938இல் மாகாண முதல்வராக இருந்து பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி, மறுத்து மறியல் செய்தவர்களைக் குற்றச்சட்டத் திருத்தத்தைக் கொண்டு சிறைக்கு அனுப்பினார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பிந்தைய இராசாசி இந்தித் திணிப்பை எதிர்த்தார். முந்தைய இராசாசியின் சிறையிலிருந்தவர்களுக்கு அது காலம் கடந்த செய்தி.

நாட்டின் சுதந்திரமும் அந்த நாட்டில் வாழும் ஒருவரின் சுதந்திரமும் ஒன்றில்லை என்பதை இந்திய அரசமைப்பை வரைந்தவர்கள் அறிந்திருந்தார்கள். 21ஆம் உறுப்பில் விடுதலையைக் குறித்த சொல்லுக்கு முன் ‘தனிப்பட்ட’ என்னும் அடையை வரைவுக் குழு சேர்த்தது. கூடவே, சட்டம் வகுத்த நெறிமுறைப்படி அதைப் பறிக்கலாம் என்னும் தொடரையும் சப்பானிய அரசமைப்பின் வழியில் எடுத்துக்கொண்டது. அந்த அடைமொழி என்ன செய்யும் என்பது உடனே தெரிந்தது. தடுப்புக்காவலில் சென்னை மாகாணச் சிறையில் இருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கில், 1950 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள், ‘தனிப்பட்ட’ என்பதை உடலளவில் சுருக்கிப் படித்தார்கள். சட்டம் ஒன்று இருந்தால் போதும், அது நேர்மையானதா என்று இந்த உறுப்பின்கீழ் கேட்க இடமில்லை என்றார்கள். பசல் அலி மட்டும் உடன்படாமல் தனித்தீர்ப்பு எழுதினார். அவர் பக்கத்துக்கு நீதிமன்றம் வந்து சேர 1978இல் மேனகா காந்தி வழக்கு வர வேண்டியிருந்தது. ஓர் அடைமொழியைக் குறுக்கியும் விரித்தும் படித்ததற்கு இடையே 28 ஆண்டுகள், எத்தனையோ பேரின் சிறைநாள்கள்.

விடுதலை என்னும் நம் சொல்லும் அவ்வளவு எளியதன்று. விடு என்னும் வினை முதனிலை திரிந்து வீடு ஆகி, பேரின்பத்தையும் கூரையுள்ள இல்லத்தையும் ஒருங்கே குறித்தது. ஆனால் விடுவதற்கு ஒருவர் பிடித்திருக்க வேண்டும். கட்டியவரின் நிழல் இந்தச் சொல்லைவிட்டு அகலுவதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் இதன் மறுமுகத்தைக் காணலாம்: உடன்பிறந்தாருக்கிடையே பாகத்துச் சொத்தில் தன் பங்கை ஒருவர் விட்டுக்கொடுத்து எழுதும் ஆவணத்தின் பெயர் ‘விடுதலைப் பத்திரம்’. அங்கே விடுதலை என்பது உரிமையை இழத்தல். பல குடும்பங்களில் வீட்டுப் பெண்களே அதில் கையொப்பமிடுகிறார்கள்.

ஆகவே நான் உரிமையின் பக்கம் சாய்கிறேன். உரிய, உரியவர், உரித்து, உரிமை என்று விரியும் இந்தக் குடும்பம் தமிழ் வேருடையது. பழைய இலக்கியத்தில் உரிமை என்பது மனைவியையும் அரண்மனை மகளிர் கூட்டத்தையும்கூடக் குறித்தது. தமக்குரியவர் என்ற பொருளிலேதான். இலத்தீனின் பிள்ளைகளும் ஆங்கிலத்தின் பிரியமும் நின்ற அதே முற்றம் அது. ஆனால் உரோமனின் சொல் உள்ளே இருப்பவரைக் கட்டற்றவராக்கியது; நம் பழைய உரிமையோ உள்ளே இருப்பவரை இன்னொருவரின் உடைமையாகக் கண்டது. அந்தச் சொல் ‘எனக்கு உரியது’ என்று ஒரு பெண்ணே சொல்லும் நிலைக்கு வந்ததுதான் அதன் வரலாற்றில் பெரிய திருப்பம்.

தன் என்பதை முன்னே சேர்த்துத் ‘தன்னுரிமை’ என்று ஆக்கினால் லிபரல் கொள்கையின் உயிர்நிலை கிடைத்துவிடுகிறது. சப்பானியர் இதே கொள்கைக்கு எடுத்துக்கொண்ட ‘சியூ’ என்னும் சொல்லிலும் முதல் எழுத்து ‘தன்’ என்றே பொருள்படும். சுதந்திரத்தின் ‘ஸ்வ’வும் அதுவே. தாராளவாதம் என்பதற்கு மாற்றாகத் தன்னுரிமைக் கோட்பாடு என்று எழுதலாம் என்பது என் கருத்து. தாராளத்தை நெய்க்கும் விருந்தோம்பலுக்கும், வேண்டுமானால் வணிகத்துக்கும் விட்டுவிடலாம்.

இந்தச் சொல்லுக்கு இலக்கணம் தரும் ஒரு காவலும் இருக்கிறது. தமிழில் ‘தன்’ எழுவாயை நோக்கித் திரும்பும். ‘அரசு மக்களுக்குத் தன்னுரிமை வழங்கியது’ என்று எழுதிப் பாருங்கள், ‘தன்’ அரசின் பக்கமே சாய்ந்து, வாக்கியம் செவிக்கு உறுத்தும். ‘அவள் தன்னுரிமையோடு எழுதினாள்’ என்னும்போது உறுத்தல் இல்லை. உரிமை என்னும் சொல்லுக்குப் பின் நம் செய்தித்தாள்கள் இன்று மிகுதியாக இடும் வினைகள் ‘வழங்கியது’, ‘அளித்தது’ என்பவை, நீர்வார்த்த கையின் வினைகள். அரசை எழுவாயாக வைத்து ஒருவரின் தன்னுரிமையைப் பற்றி எழுத வேண்டி வரும்போது அந்தச் சொல்லோடு ஒட்டி நிற்கும் வினைகள் வேறு: காத்தது, மதித்தது, மீறியது, பறித்தது.